போன் எழுதும் நடைக்கணக்கு: ஓய்வுபெற்ற காசாளர் ஒருத்தியின் தணிக்கை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் இருக்கும் நடைக்கணக்குச் செயலியை வைத்துக்கொள்ளலாம். தனியாகக் காசு கேட்பதில்லை, பேட்டரியையும் அதிகம் தின்பதில்லை, வெளியில் நடக்கும் நடையை ஏறக்குறையச் சரியாகவே எண்ணுகிறது. ஆனால் இரவு படுக்கும்போது அது காட்டும் எண்தான் அன்றைய நடை முழுவதும் என்று நம்பிவிடக் கூடாது. முக்கியமாக, வீட்டில் இருக்கும் பெண்கள் நம்பக் கூடாது.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவள். கல்லாவில் இருக்கும் பணமும் ஏட்டில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகாமல் மாலையில் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அந்த வழக்கத்திலேயே ஆயுளில் பாதி ஓடிவிட்டதால், எந்த எந்திரம் எந்த எண்ணைக் காட்டினாலும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதும், பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் என் போனில் ஏற்கெனவே இருந்த செயலியைத் திறந்தான். ஏதேதோ விவரங்களைப் போட்டான். "இனிமேல் இதுவே எண்ணிக்கொள்ளும் அம்மா" என்று கையில் கொடுத்துவிட்டு அன்றிரவே பஸ் ஏறிவிட்டான். போன் நடுத்தர விலையில் வாங்கிய ஆண்ட்ராய்டு. செயலியின் பெயரை எழுதப்போவதில்லை. எல்லாக் கம்பெனி போன்களிலும் ஏதாவது ஒரு பெயரில் இப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நான் சொல்லும் குறைநிறைகளில் பெரும்பாலானவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இது எப்படி எண்ணுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். போனுக்குள் அசைவை அளக்கும் சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. நாம் காலை ஊன்றி எடுக்கும்போதெல்லாம் உடம்பு ஒரு தடவை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் சீரான இடைவெளியில் தொடர்ந்து வந்தால், ஆள் நடக்கிறார் என்று அது முடிவு செய்துகொள்கிறது. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல் காலடி எண்ணும் வேலைக்கு போனுக்குள்ளேயே தனி ஏற்பாடு வந்துவிட்டது. அதே வருடம் வந்த ஐபோன் 5எஸ்ஸிலும் இதற்கெனத் தனிச் சில்லு வைத்தார்கள். போனின் முதன்மை மூளை தூங்கிக்கொண்டிருந்தாலும் இந்தச் சில்லு மட்டும் விழித்திருந்து எண்ணும். அதனால்தான் பேட்டரி கரைவதில்லை. போகும் பாதையை வரைபடத்தில் போடச் சொல்லி ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டால் அது வேறு செலவு.

இன்னொரு சங்கதி கணக்குக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆண்ட்ராய்டில் அந்தச் சில்லு "இன்று எத்தனை" என்று எண்ணுவதே இல்லை. கடைசியாகப் போனை அணைத்துப் போட்டதிலிருந்து எத்தனை என்றுதான் எண்ணிக்கொண்டே போகும். காலையில் இருந்த தொடக்க இருப்பைக் கழித்து இன்றைய தொகையை எடுப்பது செயலியின் வேலை. நடுவில் போன் தானாக அணைந்து எழுந்தால் சில்லு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். செயலி அதற்கு முன்பே தொகையைக் குறித்து வைத்திருந்தால் பிழைத்தோம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே செயலியை உறங்கவைத்திருந்தால் அந்த நடை வரவில் ஏறாது. என் போனில் இந்தத் துண்டு அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. அமைப்புகளுக்குள் போய், அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகு நின்றது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

சரி, தணிக்கைக்கு வருகிறேன். மதுரையில் இருப்பவளுக்கு அளவுகோலுக்கா பஞ்சம்? திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர். நான்கு பக்கமும் சுற்றி வந்தால் சுமார் 1.2 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே ஊரில் பாதிப் பேர் அங்கே சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் சுருக்குப்பையில் போனையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். வாய்க்குள் எண்ணிக்கொண்டு, நூறு ஆனதும் ஒரு கொட்டையை எடுத்து இடது உள்ளங்கைக்கு மாற்றவேண்டும். கூட நடக்கும் பெண், "என்ன அக்கா, ஜபமா?" என்று கேட்டாள். பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும் என்பதால் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்து நின்றபோது கையில் பத்தொன்பது கொட்டை, மேலே கொஞ்சம் சில்லறை. போன் காட்டியதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான். இருபது முப்பது முன்னே பின்னே. வேறு நாட்களில் பார்த்தபோதும் அப்படியே. காலடி எண்ணுவதில் எனக்குப் புகார் இல்லை.

தூரத்தில்தான் இடித்தது. அதே சுற்றுக்கு 1.35 கிலோமீட்டர் என்றது செயலி. நாயக்கர் காலத்துக் குளம் ஓரிரவில் பெருக்க வாய்ப்பில்லை. நோண்டிப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. செயலி தூரத்தை அளப்பதே இல்லை. ஆளின் உயரத்தில் சுமார் 0.41 பங்கைக் காலடி நீளம் என்று எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையால் பெருக்கிவிடுகிறது. மகன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் தன் உயரத்தையே போட்டுவைத்திருந்தான்: 173 சென்டிமீட்டர். நான் 155. எடையும் அவனுடையதுதான். உயரத்தைத் திருத்தியதும் குளம் பழையபடி 1.2 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. கலோரிக் கணக்கும் இதே ரகம்தான். எடையையும் வேகத்தையும் வைத்துக் குத்துமதிப்பாகப் போடுவது. அந்தக் கட்டத்தை நான் பார்ப்பதே இல்லை. இருநூறு கலோரி செலவாகிவிட்டது என்று அது சொன்னதை நம்பி, குளக்கரையிலேயே இரண்டு பணியாரம் உள்ளே தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்; அவர்கள் பாடு அவர்களுக்கு.

போனை எங்கே வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. இடுப்பில் இருந்தால் உத்தமம். தோளில் தொங்கும் கைப்பையிலும் பரவாயில்லை. மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஒயர்கூடைக்குள் கத்தரிக்காய்க்கு மேலே கிடந்தால் குறைத்து எண்ணுகிறது. கனத்தில் கை ஆடாமல் இறுகிவிடுவதும், மெதுவாக நின்று நின்று நடப்பதும் காரணமாக இருக்கலாம். ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சட்டையிலோ கால்சட்டையிலோ பை இருக்கிறது. புடவைக்கு ஏது பை? காலங்காலமாக நம் பாட்டிமார் வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்திருந்த சுருக்குப்பைதான் இந்தச் செயலிக்கு ஏற்ற துணைக்கருவி. தையல்காரர்களிடம் சொன்னால் போன் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். நாடா கொஞ்சம் அழுத்தமாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக் கணக்கு. காலை நடை முடிந்து வந்ததும் போன் எங்கே போகிறது? என் வீட்டில் ஃபிரிட்ஜ் மேலே. அங்கிருந்து அது மதியச் சாப்பாடு வரை நகராது. அந்த நேரத்தில் நான் வாசல் கூட்டி, துணி துவைத்து, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயப்போட்டு, இறங்கிவந்து, கறிகாய்க்காரரிடம் பேரம் பேசி, சமைத்து முடித்திருப்பேன். செயலியைக் கேட்டால் நான் காலை ஏழரையிலிருந்து அசையவே இல்லை என்கிறது. போதாததற்கு, "வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று ஒரு மணியோசை வேறு. அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கேட்கும்போது வரும் எரிச்சலை எழுதிக் காட்ட முடியாது.

சரி, போனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வீட்டு வேலை செய்தால் என்ன என்று அதையும் பார்த்தேன். மாடிப்படி நன்றாக ஏறியது. கூடத்திலிருந்து பின்கட்டுவரை போய்வந்தது ஏறியது. ஆனால் சமையலறை நடை பெரும்பாலும் விடுபட்டுவிட்டது. நடைதானா, வெறும் குலுக்கலா என்று உறுதிசெய்துகொள்ள, தொடர்ந்து சில காலடிகள் வரட்டும் என்று அந்தச் சில்லு காத்திருக்கிறது. அதன் பிறகே எண்ணத் தொடங்குகிறது. அடுப்புக்கும் தொட்டிக்கும் மூன்று காலடி. தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நான்கு. அது காத்திருந்து முடிப்பதற்குள் நாம் போய்ச் சேர்ந்து நின்றுவிடுகிறோம். நாள் முழுக்க மும்மூன்றாக, நந்நான்காக நடக்கிற நடை எந்த வரவிலும் வராமலே போகிறது. செய்தவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, பொய்க் கணக்கைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் விளைவு இதுதான்.

2017இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 111 நாடுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் போன் கணக்கை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். நாளொன்றுக்குச் சராசரி 4,961 காலடி. ஹாங்காங் 6,880 என்று முன்னால் நின்றது. இந்தியாவுக்கு 4,297. பல நாடுகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களுடையதைவிடக் குறைவு. அப்போது நம் ஊர்ப் பத்திரிகைகள் இந்தியர்கள் சோம்பேறிகள் என்ற தொனியில் தலைப்புப் போட்டன. அந்தப் பெண்களின் போன் அன்றைக்கு எந்த ஃபிரிட்ஜ் மேலே இருந்தது என்பதே எனக்கு வந்த முதல் கேள்வி. ஆய்வில் உண்மை இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்தே கிடக்கும் பெண்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் போன் நடந்ததும் ஆள் நடந்ததும் ஒன்றல்ல என்பதை ஓரமாகக் குறித்துக்கொண்டுதான் அந்த எண்களைப் படிக்கவேண்டும்.

பெரிய துண்டு விழுவது வெள்ளிக்கிழமைகளில். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018இலிருந்து போன் கொண்டுபோக முடியாது. கோபுர வாசலுக்கு வெளியே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். பொற்றாமரைக்குளம் சுற்றி, அம்மன் சந்நிதி வரிசையில் ஊர்ந்து, சுவாமி சந்நிதிப் பிரகாரம் சுற்றி, ஆடி வீதியில் ஒரு வலம் வந்து முடிப்பதற்குள் கால் கெஞ்சும். வாரத்திலேயே நான் அதிகம் நடப்பது அன்றைக்குத்தான். செயலியின் வரைபடத்தில் வாரத்திலேயே குட்டையான கம்பமும் அன்றைக்குத்தான். சித்திரை வீதியில் வண்டித் தொல்லை இல்லாததால், போனை வாங்கிக்கொண்ட பிறகு வெளியே ஒரு சுற்றுச் சுற்றி ஆறுதல் பரிசு வாங்குவதும் உண்டு. அம்பாள் கணக்கில் எல்லாம் ஏறியிருக்கும் என்கிறாள் என் நாத்தனார். சர்க்கரைக்கும் அந்தக் கணக்கு தெரிந்தால் நல்லது.

வராத வரவு இப்படியென்றால், இல்லாத வரவு ஏறுவதும் உண்டு. ஆனால் அது எதிர்பார்த்த இடங்களில் வரவில்லை. டவுன் பஸ் குலுங்கும் குலுங்கலுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும் என்று நினைத்திருந்தேன், கொஞ்சம்தான் ஏறியது. கிரைண்டர் மேடையில் வைத்தாலும் ஏமாறவில்லை. ஊஞ்சலாடினேன், அசையவில்லை. பேத்தியை மடியில் போட்டு, போன் வைத்திருந்த கையாலேயே தட்டித் தூங்கவைத்தபோதுதான் மளமளவென்று ஏறிவிட்டது. நடைக்கும் தட்டலுக்கும் ஒரே தாளம் போலும். பேத்தியின் அண்ணன் ஒரு படி மேலே போய், சோபாவில் படுத்தபடி போனை ஆட்டி ஆட்டி எனக்கு அன்றைய இலக்கை முடித்துக் கொடுத்தான். திரையில் காகிதப்பூக்கள் பறந்தன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் நடைக்கணக்கைப் படமெடுத்துப் போட்டுப் போட்டியிடுபவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளவும். நான் அந்தப் போட்டியிலிருந்து விலகிவிட்டேன்.

அந்த இலக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். செயலி திறந்ததுமே 10,000 என்று ஒரு வட்டம் காட்டி, அதை நிரப்பு என்கிறது. டாக்டர்கள் கூடி வைத்த எண் அல்ல அது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருடம், 1965இல், ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடைமானி ஒன்றைப் பத்தாயிரத்தைப் பெயரிலேயே வைத்து விற்றது. வாய்க்கு வசதியான முழு எண். உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. என் வயதுக்காரிகளுக்கு உபயோகமான தகவல் 2019இல் ஹார்வர்டிலிருந்து வந்தது. சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளந்து, பிறகு சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நாளுக்கு 2,700 காலடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 வரை பலன் கூடிக்கொண்டு போய், அதற்கு மேல் சமமாகிவிட்டது. நடந்ததால் நலமாக இருந்தார்களா, நலமாக இருந்ததால் நடந்தார்களா என்ற கேள்வி இந்த மாதிரி ஆய்வுகளில் எப்போதும் மிச்சமிருக்கும். இருந்தாலும், இடுப்பில் கட்டித்தான் அளந்தார்கள் என்பதில் என் சுருக்குப்பைக்கு ஓர் அங்கீகாரம். இலக்கை 6,500 என்று மாற்றிக்கொண்டேன். வட்டம் நிரம்பாத நாளில் ராத்திரி பத்து மணிக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் அலையும் பைத்தியக்காரத்தனம் அதோடு ஒழிந்தது.

எண்ணிக்கையைவிட வேகம் எனக்குப் பயன்பட்டது. நிமிடத்துக்கு 100 காலடி போட்டால் மிதமான வேகம் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். கூகுள் ஃபிட் என்ற செயலி 2018இல் 'ஹார்ட் பாயின்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மிதமான வேகத்தில் ஒரு நிமிடம் நடந்தால் ஒரு புள்ளி, கடுமையாக உழைத்தால் இரண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையை ஒட்டியது. யோசித்துச் செய்த ஏற்பாடு. என் போனோடு வந்த செயலி எண்ணிக்கையை மட்டும்தான் பெரிதாகக் காட்டும், வேகத்தை மூன்று திரைகளுக்கு உள்ளே ஒளித்துவைத்திருக்கிறது. கண்டுபிடித்துப் பார்த்தபோது, கூட வரும் பெண்ணோடு அவள் மாமியார் கதை கேட்டுக்கொண்டு நடக்கும் நாட்களில் எண்பதைத் தாண்டுவதில்லை என்று தெரிந்தது. இப்போதெல்லாம் முதல் சுற்றில் பேச்சில்லை. கதை இரண்டாவது சுற்றில்தான்.

சில சில்லறை விஷயங்கள். இதையே செய்கிறேன் என்று வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்லும் இலவசச் செயலிகள் ஏராளம். ஒன்றை இறக்கிப் பார்த்தேன். காலடிக்கு ஒரு விளம்பரம், நடந்தால் நாணயம் தருகிறேன் என்ற ஆசைகாட்டல், போதாததற்கு என் தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்டது. காலடி எண்ணுவதற்கு உடல் அசைவைப் பார்க்கும் அனுமதி ஒன்றே போதும். என் நாத்தனார் எண் அதற்கு எதற்கு? அன்றே நீக்கிவிட்டேன். தமிழ்த் திரை வசதி என் செயலியில் இருக்கிறது, ஆனால் பாதி வரிகள் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வருகின்றன, எழுத்தும் பொடி. வெயிலில் படிக்கக் கண்ணாடியோடு உள்ளங்கைக் குடையும் வேண்டும்.

கையில் கட்டும் பட்டை வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறதாம். ஃபிரிட்ஜ் மேலே தூங்காது என்பது அதற்குச் சாதகம். எதிர்வீட்டுக்காரி ஒன்று கட்டியிருக்கிறாள்; சப்பாத்தி தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் அவளுக்கு நடை ஏறுகிறது. அவள் அதைக் கூலி என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறாள். எனக்கு அந்த மனம் இல்லை. காலையில் குளத்தைச் சுற்றும் நடையை ஒழுங்காக எண்ணிக் கொடுத்தால் போதும் என்று இருப்பவர்களுக்குப் போனே தாராளம். வீட்டுக்குள்ளேயே நடப்பவர்கள், தடியூன்றித் தளர்ந்து நடப்பவர்கள் போன் காட்டும் எண்ணைப் பார்த்துப் பயனில்லை. அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம், கால்மணி என்று நடப்பது மேல்.

ஒரே ஓர் எச்சரிக்கை, போன் மாற்றப்போகிறவர்களுக்கு. பழைய போனில் இருந்த என் கணக்கு புதியதற்கு வந்து சேரவில்லை. கடைப் பையன் படமும் தொடர்பு எண்களும் மாற்றிக் கொடுத்தான். நடைக்கணக்கு அவன் நினைவில் இல்லை, என் நினைவிலும் இல்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போதே செயலியைத் திறந்து, கணக்கில் உள்நுழைந்து, பழைய மாதங்கள் வருகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் இப்போது வாரச் சராசரியைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே சர்க்கரை அளவையும் குறித்துவருகிறேன். போனை நீட்டியபோது ஒரு கணம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த டாக்டர், நோட்டை வாங்கி விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். "தை மாதம் ஏன் குறைந்திருக்கிறது?" என்று கேட்டார். தெப்பத் திருவிழா, குளத்தைச் சுற்றி நடக்க இடமில்லை என்றேன்.